பழைய எஸ்.எல். திறந்த கார்: அறிகுறி கண்டு பழுது நீக்கும் வழிமுறை

மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1989 ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகப்படுத்தி 2001 ஆம் ஆண்டு வரை தயாரித்த ஆர் 129 வரிசை எஸ்.எல். கார், புதிதாக இருந்த காலத்தில் செல்வந்தர் வீட்டு முற்றத்தில் மட்டுமே நின்றது. மொத்தம் 204,940 கார்கள் தயாரிக்கப்பட்டதால், அரும்பொருளுக்குரிய விலை இன்றும் அதற்கு வந்து சேரவில்லை. ஆயினும் இக்கார் யாரிடமாவது மலிவாகக் கிடைக்கிறது என்றால், முந்திய உரிமையாளர் செய்யாமல் விட்ட வேலைகளின் செலவே விலையிலிருந்து கழிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த வேலைகள் எவை என்பதைக் காரே தன் அறிகுறிகளால் சொல்லிவிடும். பெரிய செலவு வைக்கும் என்று தோன்றும் அறிகுறிகளில் பல, ஒரு பியூஸிலோ ஒரு ரப்பர் வளையத்திலோ முடிந்துவிடுகின்றன. மாறாகச் சாதாரணமாகத் தெரியும் சில, காரையே கைவிடச் செய்யக் கூடியவை. கீழே உள்ளவை வாங்குமுன் பார்ப்பவருக்கும் வாங்கியபின் திருகாணி கழற்றுபவருக்கும் ஒருங்கே பொருந்தும்.

காரைப் பார்க்கச் செல்பவர், தாம் வரும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல பழுதுகள் குளிர்ந்த எஞ்சினில் மட்டுமே தெரியும். சில நன்கு சூடேறிய பின்னரே தெரியும். இரண்டு நிலைகளையும் பார்க்காமல் முற்பணம் கொடுப்பது முறையல்ல.

கூரைச் சுவிட்சை இயக்கியும் எதுவும் அசையவில்லை

முதலில் பற்றரியைப் பார்க்க வேண்டும். இக்காரின் துணிக்கூரை மின்சாரமும் ஹைட்ரோலிக் அழுத்தமும் சேர்ந்து இயங்குவது. பற்றரி சற்றுச் சோர்ந்திருந்தாலே அது நின்றுவிடும். எஞ்சின் ஓடாதபோது மீற்றரில் 12.6 வோல்ற்று அளவிலும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ற்று வரையும் காட்ட வேண்டும். திருகோணமலை வெயிலில் பற்றரி வெகுகாலம் தாங்காது. அதிலும் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெளியே எடுக்கப்படும் காரில் அது இன்னும் விரைவாகக் கெட்டுவிடும். ஆகையால் எஞ்சினை ஓடவிட்டு, காரை நிறுத்திய நிலையில், பூட் (பின்புறச் சாமான் அறை) முழுதாகப் பூட்டியிருப்பதை உறுதி செய்துகொண்டு, சுவிட்சை மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் காதுதான் கருவி. பின்புறச் சாமான் அறையினுள் இருக்கும் ஹைட்ரோலிக் பம்பு முனகும் ஒலி கேட்டும் கூரை அசையாவிட்டால், எண்ணெய் குறைந்திருக்கிறது என்றோ காற்றுப் புகுந்திருக்கிறது என்றோ பொருள். ஒலியே இல்லை என்றால் கோளாறு மின்சாரப் பக்கத்தில் இருக்கிறது: பியூஸ், ரிலே, சுவிட்ச் என்ற வரிசையில் தேட வேண்டும். பம்பே போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லும் மெக்கானிக்கிடம், பம்பின் முனையில் மின்சாரம் வந்து சேர்கிறதா என்று அளந்து பார்த்தீர்களா எனக் கேட்பதில் தவறில்லை.

கூரை பாதி வழியில் நின்றுவிடுகிறது

இந்த அறிகுறி பார்ப்பவரைத் திகைக்க வைத்தாலும், பழுது இருக்கும் இடத்தை இதைப்போல் தெளிவாகக் காட்டும் அறிகுறி வேறு இல்லை. கண்ணாடிகள் இறங்குவது, கவிழ்வுத் தடுப்புச் சட்டம் தாழ்வது, கூரையின் பின்வில் (பின்விளிம்பு வளைசட்டம்) உயர்வது, கூரைப் பெட்டியின் பின்மூடி பூட்டுத் திறந்து எழுவது, கூரை மடிந்து உள்ளே போவது, மூடி மறுபடி இறங்கிப் பூட்டுவது என்று ஒவ்வொரு படியும் முடிந்ததை ஒரு சிறு எல்லைச் சுவிட்ச் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு வந்தால்தான் அடுத்த படி தொடங்கும். எனவே கூரை எந்தப் படியில் நிற்கிறதோ, அதற்குரிய சுவிட்சையும் அதன் வயரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பின்வில் நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் மூடி திறக்கவில்லை என்றால் மூடியின் பூட்டுச் சுவிட்ச். ஒரு பக்கக் கண்ணாடி விரலளவு மேலே நிற்கிறது என்றால் அந்தக் கண்ணாடி.

இதற்கு இருவர் தேவை. ஒருவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து சுவிட்சை இயக்க, மற்றவர் பின்னால் நின்று ஒவ்வொரு பூட்டும் எங்கே தயங்குகிறது என்று கவனிக்க வேண்டும். கடற்காற்றில் உப்பு படிந்த சுவிட்ச் முனைகளை இணைப்பு துடைக்கும் திரவத்தால் கழுவி உலரவிட்டாலே பாதிக் கார்கள் திருந்திவிடும் என்பது என் மதிப்பீடு. அப்படியும் திருந்தாவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி சேமித்து வைத்துள்ள பழுதுக் குறிகளை வாசிக்கத் தெரிந்தவரிடம் கொண்டு போவதே சிக்கனம்.

நின்றுவிட்ட கூரையைக் கையால் தள்ளவே கூடாது. அழுத்தம் நிறைந்த சிலிண்டர்களோடு மல்லுக்கட்டினால் வளைவது கூரையின் எலும்புச் சட்டந்தான். மழையில் மாட்டிக்கொண்டவர், கையேட்டில் சொல்லப்பட்ட முறைப்படி பம்பின் அழுத்த விடுவிப்பு ஆணியைத் தளர்த்திய பிறகு, இருவராகக் கூரையை எழுப்பி மூட வேண்டும். அந்தக் கையேடும் அதற்குரிய அறுகோணச் சாவியும் காரோடு வருகின்றனவா என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும்.

முன்கண்ணாடியின் மேற்சட்டத்திலிருந்து எண்ணெய் சொட்டுகிறது

வெயில் மறைப்புப் பலகையைக் கீழே மடித்து, அது வழக்கமாகப் படியும் இடத்தில் உள்துணியை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தேங்காயெண்ணெய் பட்ட துணியைப்போல் அது வழவழத்தால், மேற்சட்டத்துக்குள் மறைந்திருக்கும் முன்பூட்டுச் சிலிண்டர்களின் சீல் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யலாம். அடுத்த கட்டத்தில் எண்ணெய் துளித்துளியாக இறங்கி ஓட்டுபவரின் தலையிலும் தோல் இருக்கையிலும் விழும். ஆர் 129 கார்களில் இது மிகப் பரவலான குறை. வடிவமைப்பின் பழி அன்று, ரப்பரின் வயது.

சிலிண்டர்களைப் புதிதாக வாங்குவது பணத்தைக் கொட்டுவது. அவற்றைக் கழற்றி, உள்ளே இருக்கும் சீல்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஒன்று ஒழுகத் தொடங்கினால் அதே வயதுடைய மற்றவையும் தொடர்ந்து ஒழுகும். கூரையை ஒருமுறை பிரித்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடுவது நல்லது. கழற்றும் முன் ஒவ்வொரு குழாயிலும் எண்ணிட்ட பட்டி ஒட்டி, படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய் குறைந்தது என்று பக்கத்துக் கடையில் கிடைத்த பிறேக் திரவத்தை ஊற்றுவதே இங்கே மிகப் பெரிய தவறு. இந்த அமைப்புக்குரியது கனிம ஹைட்ரோலிக் எண்ணெய். பிறேக் திரவம் இதன் சீல்களை ஊதிப் பெருக்கச் செய்து, ஒழுகாமல் இருந்த சிலிண்டர்களையும் ஒழுக வைத்துவிடும். முந்திய உரிமையாளர் எதை ஊற்றினார் என்று தெரியாவிட்டால், முழுவதையும் வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

கூரையைப் பார்க்கும்போதே அதன் பின்னாலும் பக்கங்களிலும் உள்ள பிளாஸ்ரிக் கண்ணாடிகளையும் கவனிக்கலாம். மஞ்சளாகி மடிப்பில் வெடித்திருந்தால், நல்ல குஷன் வேலைக்காரர் துணியைக் காப்பாற்றிக் கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவார். நனைந்த கூரையை மடித்து வைப்பவருக்குப் பூஞ்சணமும், நடுப்பகலில் திறந்து போகிறவருக்குத் தலைவலியும் நிச்சயம். இவ்வூரில் இக்காரைத் திறந்து ஓட்டும் நேரம் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னுந்தான்.

கால் வைக்கும் இடத்தில் கம்பளம் ஈரமாக இருக்கிறது

எந்தக் காலத்தில் ஈரமாகிறது என்பதே முதற் கேள்வி. மழையே இல்லாத ஆடி மாதத்தில், ஏ.சி. போட்டு ஓட்டிய பின் மட்டும் ஈரமானால், ஏ.சி.யின் நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறது. ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு மணத்தோடும் இருந்து, முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான படலமும் படிந்தால், உள்ளே இருக்கும் சூடாக்கியிலிருந்து கூலன்ட் கசிகிறது. ஐப்பசி முதல் தை வரையான வடகீழ்ப் பருவமழையில் மட்டும் வந்தால், வடிகால்களைத்தான் பார்க்க வேண்டும்.

முன்கண்ணாடிக்குக் கீழே பொனெட்டின் பின்விளிம்பில் உள்ள பள்ளத்திலும், கூரை மடிந்து தங்கும் பின்பெட்டியிலும் வடிகால் துளைகள் உள்ளன. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வேப்ப மரத்தின் கீழ் நின்ற காரில், காய்ந்த வேப்பிலையும் செம்மண் தூசியும் சேர்ந்து இத்துளைகளைக் களிமண்ணாக அடைத்திருக்கும். முதற் பெருமழையில் தண்ணீர் வழி தெரியாமல் உள்ளே இறங்கும். கம்பியால் குத்தினால் வடிகாற் குழாய் கழன்றோ கிழிந்தோ போகும். மீன்பிடிக் கடைகளில் விற்கும் தடித்த நைலோன் நூலே இதற்கு ஏற்றது: மெதுவாக உள்ளே செலுத்தி, சுழற்றி, பிறகு ஒரு கேத்தில் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றி, அது காரின் அடியில் எங்கே வெளிவருகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஊற்றிய அளவு வெளியே வராவிட்டால் மிச்சம் உள்ளேதான் நிற்கிறது. கம்பளத்தின் மேற்புறம் உலர்ந்துவிட்டது என்று திருப்திப்படக் கூடாது. அடியில் இருக்கும் தடித்த பஞ்சுப் படையைத் தூக்கி வெயிலில் காயவிடாவிட்டால் தளத்தகடு கறள் பிடிக்கும்.

கதவு மூடும்போது இறுக்கம், கீழ்விளிம்பில் கறள்

இந்த அறிகுறியை மட்டும் அலட்சியப்படுத்தவே கூடாது. நிலையான கூரை இல்லாத காரில் உடலின் வலிமையைக் கதவுக்குக் கீழ் ஓடும் பக்கச் சட்டங்களே தாங்குகின்றன. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் நின்ற கார், மேலே பளபளத்தாலும் அடியில் உளுத்திருக்கலாம். பக்கவாட்டின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் பலகைகள் பார்வைக்கு அழகானவை. அவற்றின் பின்னால் உப்பும் சேறும் பல வருடம் தங்கியிருக்கும்.

ஜாக் வைக்கும் துளைகளின் ரப்பர் மூடிகளைக் கழற்றி உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். பின்புறச் சாமான் அறையில் மேலதிகச் சக்கரத்தைத் தூக்கி அதன் அடித்தளத்தைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடம் பூச்சு அப்பிய இடம். ஆனால் இக்காரின் பொனெட் அலுமினியம் ஆதலால் அங்கே காந்தம் ஒட்டாதது குறையன்று. கடைசியாக, ஒரு மூலையை மட்டும் ஜாக்கால் உயர்த்தி, கூரை திறந்திருக்கும்போது அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூட வேண்டும். கதவு தடக்கினாலோ, கதவின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பிவிடுங்கள். நல்ல ரின்காரர் (தகர வேலை செய்பவர்) ஓட்டையை அடைப்பார். உடலின் நேரான நிலையை மீட்பது அதற்குரிய சட்டகம் இல்லாத இடத்தில் நடவாத காரியம்.

வெப்பமானி 100 பாகையைத் தாண்டுகிறது

எப்போது தாண்டுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மத்திய வீதியில் மத்தியான நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறி, கந்தளாய்ப் பாதையில் வேகமெடுத்ததும் இறங்கினால், றேடியேற்றர் அன்று, காற்றுதான் போதவில்லை: எஞ்சினோடு சுழலும் விசிறியின் பிசுபிசுப்பு இணைப்பு தளர்ந்திருக்கும், அல்லது ஏ.சி.க்கு முன்னால் உள்ள மின்விசிறிகள் ஓடாமல் இருக்கும். ஏ.சி. போட்டதும் அவை ஓடுகின்றனவா என்று பார்ப்பது எளிது. மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் றேடியேற்றர் உள்ளே அடைபட்டிருக்கிறது. கிணற்று நீரை ஊற்றி ஊற்றி ஓட்டிய கார்களில் இதுவே வழக்கம். இந்த எஞ்சின்களின் தலைப்பகுதி அலுமினியம். உறைபனி இல்லாத ஊர் என்று கூலன்ட்டைத் தவிர்ப்பவர், அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்தே தவிர்க்கிறார். வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை.

றேடியேற்றரின் மேற்குழாய் பொருந்தும் பிளாஸ்ரிக் கழுத்தும் வயதானால் நொறுங்கும். அது சட்டென்று முறிந்தால் வெப்பமானி எச்சரிக்கும் முன்பே தண்ணீர் போய்விடும். ஆகவே பழைய றேடியேற்றர் என்று தெரிந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் மாற்றிவிடலாம். ஆறு சிலிண்டர் கொண்ட எம் 104 எஞ்சினில், தலையின் பின்மூலையில் எண்ணெய் வழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும். எண்ணெய் வெளியே கசிவது மட்டும் என்றால் பேரம் பேசலாம். கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதந்தால் விலையிலிருந்து எஞ்சின் தலை வேலை முழுவதையும் கழிக்க வேண்டும்.

குளிரில் உடனே ஸ்ராட் ஆகிறது, சூட்டில் மறுக்கிறது

1990 களின் தொடக்கத்து 300 எஸ்.எல்., 500 எஸ்.எல். கார்களில் உள்ள கே.இ. ஜெட்ரோனிக் என்ற பெற்றோல் செலுத்தும் அமைப்பில், எஞ்சினை நிறுத்திய பின்னும் பெற்றோல் குழாய்களில் அழுத்தம் தங்க வேண்டும். அதைத் தாங்கி வைக்கும் சேமகமோ பம்பின் ஒருவழி வால்வோ கெட்டால், சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் ஆவியாகி, கடையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருபவரை வெகுநேரம் சாவியைத் திருக வைக்கும். பம்பு ரிலேயின் உள்ளே ஈயப்பற்று வெடித்தாலும் இதே தோற்றம் உண்டாகும். ரிலேயைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தால் பற்றைச் சுற்றி மெல்லிய வளைய வெடிப்புத் தெரியும், மறுபடி பற்றவைத்தால் போதும். இக்கார்களுக்கு ஒக்டேன் 95 பெற்றோலே உரியது. 92 ஊற்றி இடிச்சத்தம் கேட்டால் பழுது தேட வேண்டியதில்லை.

மழைக்காலக் காலையில் எஞ்சின் குலுங்குகிறது

சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிரும் பகிர்வி கொண்ட பழைய எஞ்சின்களில் அதன் மூடிக்குள் ஈரம் படிந்து பொறி தடம் மாறுகிறது. எட்டுச் சிலிண்டர் எம் 119 எஞ்சினின் முந்திய வடிவங்களில் இரண்டு பகிர்விகள் உள்ளன. இரண்டையும் துடைத்து உலர்த்தி, மூடியையும் சுழலியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வெயில் ஏறியதும் குலுக்கம் தானே மறைந்தால் இதுதான் காரணம்.

மறையாமல், இன்ன நேரம் என்று இல்லாமல் குலுங்குவதும் அணைவதுமாக இருந்தால், ஆண்டைக் கேட்க வேண்டும். ஏறக்குறைய 1992 முதல் 1995 வரை செய்யப்பட்ட கார்களின் எஞ்சின் வயரிங், மண்ணில் மக்கக் கூடிய காப்புறையோடு வந்தது. அந்த உறை எஞ்சின் சூட்டில் காய்ந்து உதிர்கிறது. எஞ்சின் மேல் ஓடும் கறுப்பு உறையை ஓரங்குலம் பின்னால் தள்ளி, உள்ளிருக்கும் ஒரு வயரை மெல்ல வளைத்துப் பார்த்தால் போதும்: காப்புறை துண்டு துண்டாக உதிர்ந்து வெறும் செம்பு தெரிந்தால், வயர்க் கட்டு முழுவதையும் மாற்றாமல் அந்தக் காரை ஓட்டக் கூடாது. இரண்டு வயர்கள் தொட்டுக்கொண்டால் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து எரியும். இன்சுலேசன் நாடா சுற்றி விற்கப்படும் காரைக் கண்டால், விற்பவருக்கு இது தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். மாற்று வயர்க் கட்டைக் கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய காரிலிருந்து கழற்றி வாங்குவது அதே நோயை மறுபடி வாங்குவதாகும். புதிதாகக் கட்டியதே வேண்டும்.

சிறு அறிகுறிகள் சில

எட்டுச் சிலிண்டர் எஞ்சினின் மேலே டிக் டிக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம். வால்வுகளை இயக்கும் காம் தண்டுக்கு எண்ணெய் தெளிக்கும் பிளாஸ்ரிக் குழாய்களின் இணைப்பு உடைந்திருக்கும், விலை சொற்பம். ஆனால் அதைச் சத்தமாகவே விட்டுவைத்தால் காம் தண்டு தேயும்.

1996 அளவில் வந்த ஐந்து கியர்த் தானியங்கிப் பெட்டி, உவர்மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே நின்று மேலே ஏற மறுத்தால், பெட்டியில் வயர் நுழையும் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அங்கே எண்ணெய் ஊறியிருந்தால் சிறு ரப்பர் வளையமே காரணம். கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும் என்பவரை விட்டு விலகலாம். அந்த எண்ணெய் வயர் வழியாகவே ஏறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அடையக் கூடியது என்பதால் தாமதிக்கவும் கூடாது.

பழைய 300 எஸ்.எல். காரில் ஏ.பி.எஸ். விளக்கு விட்டு விட்டு எரிந்து, கூடவே எஞ்சினும் தடுமாறினால், மிகைமின் தடுப்பு ரிலேயையும் அதன் தலையில் உள்ள பியூஸையும் பாருங்கள். கதவைப் பூட்டிய பின்னும் பூட்டுப் பம்பு நிற்காமல் ஓடினால் வெற்றிடக் குழாய் எங்கோ கிழிந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். மேல்வரிகள் தேயாத பத்து வருட டயர் இத்தகைய குறைவாக ஓடும் கார்களில் சாதாரணம், அதை நம்பி வேகமெடுப்பது சாதாரணமன்று.

எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவில்லை

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் இது ஒன்று தவறினால் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். இக்கார்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது வியப்பன்று. அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் உலோகத்தில் நேரே வாசித்துப் படமெடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வருமான உத்தரவுப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இடையில் எத்தனை வருடம் விடுபட்டிருக்கின்றன என்பதையும் கேளுங்கள். வெகுகாலம் உத்தரவுப்பத்திரம் எடுக்காத கார் வெகுகாலம் ஓடாமல் நின்ற கார். அப்படியானால் பெற்றோல் தொட்டியை வடித்து, பிறேக் திரவத்தை மாற்றி, குழாய்களையெல்லாம் பார்த்த பின்னரே அதைச் சொந்தச் சக்கரங்களில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் லொறியில் ஏற்ற வேண்டும். மாற்றம் பதியப்படவில்லை என்றால், அதைப் பதிந்து தருவது விற்பவரின் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, புத்தகம் திருந்தி வந்த பின்னரே முழுத் தொகையையும் கொடுங்கள்.